தங்கப்பொண்ணு நோட்டில் இல்லாத பெயர்

தங்கப்பொண்ணு நோட்டும் கையுமாகத் தெருவில் இறங்கினால் கொன்றைக்குளத்தில் நாலைந்து கதவுகள் தானாகச் சாத்திக்கொள்ளும். அவர் வசூலுக்கு வருகிறவர் இல்லை. ஓட்டுக் கேட்டும் வருவதில்லை. அவர் கேட்பது ஒரே ஒரு கேள்வி. வசூல்காரரிடம் "வீட்டுக்காரர் இல்லை" என்று சொல்லித் தப்பிக்கலாம். இந்தக் கேள்விக்கு வீட்டுக்காரர் இல்லாவிட்டாலும் பதில் சொல்லியாக வேண்டும்.

"யாரோடயாச்சும் பேச்சுவார்த்தை இல்லாம இருக்கியா?"

திருவாதவூருக்குக் கிழக்கே, நெல் வயல்களுக்கு நடுவே இருக்கிறது கொன்றைக்குளம். அதன் கடைசித் தெருவில் பதினேழு வீடுகளும் ஒரு லுத்தரன் கோயிலும். மாதத்தின் முதல் ஞாயிறு அங்கே நற்கருணை. அப்பமும் திராட்சை ரசமும் வாங்க விரும்புகிறவர்கள் வெள்ளிக்கிழமைக்குள் பெயர் கொடுத்துவிட வேண்டும் என்பது ஜெர்மன் மிஷனரி காலத்திலிருந்து வரும் முறை. பெயர் எழுதுகிறவர் இந்தக் கேள்வியைக் கேட்பார். பகை இருந்தால் சனிக்கிழமைக்குள் சமாதானம் ஆக வேண்டும். ஆகாவிட்டால் அந்த மாதம் பெஞ்சிலேயே உட்கார்ந்து அடுத்தவர் முழங்கால் போடுவதைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். பெரிய நகரத்துச் சபைகளில் இந்த முறை எப்போதோ வழக்கொழிந்துவிட்டது. அங்கே இந்தக் கேள்வியைக் கேட்டால் ரசம் மிச்சமாகிவிடும் என்பது காரணமாக இருக்கலாம்.

கொன்றைக்குளத்தில் மட்டும் தங்கப்பொண்ணு விடவில்லை. டிராக்டர் ஓட்டும் சிவபாண்டி ஒருமுறை உண்மையைச் சொன்னார்.

"எம் மாமியாரோட பேசுறதில்லக்கா. ஆனா அது சண்டை இல்ல, நிம்மதி."

"நிம்மதிய ரெண்டு நாளைக்கு ஒத்தி வை. நாளைக்குப் போன் போட்டுச் சாப்பிட்டீகளான்னு கேளு. கேட்டுட்டு வந்து பேரு குடு."

சிவபாண்டி கேட்டார். மாமியார் பதறிப்போய், மருமகனுக்கு ஏதோ உடம்புக்கு வந்துவிட்டது என்று மறுநாள் காலையிலேயே பஸ் ஏறி வந்துவிட்டார். பதினைந்து நாள் இருந்துவிட்டுப் போனார். அன்று முதல் சிவபாண்டி தங்கப்பொண்ணைக் கண்டால் டிராக்டரை வேறு பாதையில் திருப்புகிறார்.

தங்கப்பொண்ணுக்கு ஐம்பத்தெட்டு வயது. அங்கன்வாடியில் முப்பது வருடம் பிள்ளைகளை வரிசையில் உட்காரவைத்த குரல். கணவர் கண்ணுச்சாமியின் தகப்பனார் ஊரார் வயலில் கூலிக்கு நடவு நட்டவர். கண்ணுச்சாமிக்கு இன்று சொந்தமாக எழுபது சென்ட் வயல், அதில் ஒரு போர் மோட்டார், அந்த மோட்டார் ஓடாத நாட்களில் அரசியல். கோயிலில் தங்கப்பொண்ணுக்கு எந்தப் பதவியும் கிடையாது. ஒன்பது வருடத்துக்கு முன், அதுவரை கோயிலைக் கவனித்துவந்த உபதேசியார் ஓய்வு பெற்று மகன் வீட்டுக்குப் போனபோது சாவியையும் நோட்டையும் "வேற ஆள் வர்ற வரைக்கும் வச்சிரும்மா" என்று கொடுத்துவிட்டுப் போனார். வேறு ஆள் இன்னும் வரவில்லை. மணி அடிப்பது, பீடத்துத் துணிக்கு இஸ்திரி போடுவது, வவ்வால் விரட்டுவது, நற்கருணைப் பாத்திரம் கழுவுவது எல்லாம் அவர்தான்.

பாட்டுக்கு மட்டும் அவர் பொறுப்பில்லை. ஆர்மோனியத்தின் வயிற்றை எலி கடித்தபிறகு பாட்டு செல்போனிலிருந்து ஸ்பீக்கர் வழியாக வருகிறது. நானூறு வருடத்து மெட்டு, நடை மாறாமல், மாட்டுவண்டி வேகத்தில் போகும். மூன்றாம் சரணத்துக்கும் நாலாம் சரணத்துக்கும் நடுவே நகைக்கடை விளம்பரம் வரும். சபையார் அதற்கும் எழுந்தே நிற்பார்கள்.

இந்த வேகம் பிடிக்காத இளவட்டங்கள் டிரம்ஸ் அடிக்கும் ஜெபக்கூட்டங்களுக்குப் போய்விட்டார்கள். மற்ற இளவட்டங்கள் திருப்பூருக்குப் போய்விட்டார்கள். போதகருக்கும் தட்டுப்பாடு. ஒன்றரை வருடமாக ஆறு சபைக்கும் ஒரே ஆள், பாஸ்டர் தமிழ்வாணி. வயது முப்பத்திநாலு. ஆனையூரில் வீடு. அங்கியைச் சலவைக்கடைக் கவரிலும் நற்கருணைச் சாமான்களைச் சாப்பாட்டுப் பையிலும் போட்டு, ஸ்கூட்டியில் ஞாயிறு காலை ஆறு மணிக்குப் புறப்பட்டால் மூன்றாவது ஊரில் ஆமென் சொல்லும்போது உச்சி வெயில்.

அவர் வந்த புதிதில் ஊருக்கு ஒரே குழப்பம். போதகரை ஐயர் என்றும் அவர் மனைவியை ஐயரம்மா என்றும் சொல்லிப் பழகிய வாய். இப்போது ஐயரே பெண். ஒருநாள் அவருடைய கணவர் மனைவியை இறக்கிவிட பைக்கில் வந்தார். செல்போன் கடை வைத்திருக்கும் சாது. கண்ணுச்சாமி வெகுநேரம் யோசித்துவிட்டு உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்: "தங்கம், ஐயரம்மா வந்திருக்காக, காப்பி போடு."

அந்த மனிதர் காப்பியை வாங்கிக் குடித்தார். அன்றிலிருந்து ஊர் அவரைத் தன் ஆளாக ஏற்றுக்கொண்டது.

இப்படி ஓடிக்கொண்டிருந்த வண்டியின் முன்னால்தான் மதுரையிலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்து படுத்துக்கொண்டது. போதகர்கள் குறைவு, ஊர்கள் அதிகம். ஆகவே தொடர்ந்து மூன்று மாதம் இருபத்தைந்து பேருக்குக் குறைவாக நற்கருணை வாங்கும் இடங்களில் இனி ஆராதனை இல்லை. அது ஜெபவீடாகக் கருதப்படும். விசுவாசிகள் ஆனையூர் சபைக்கு வந்து சேர்ந்துகொள்ளலாம். வட்டாரக் குழுவின் முடிவு. கொன்றைக்குளத்திலிருந்து ஆனையூருக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ் பல சமயம் விசுவாசத்தில் மட்டுமே வரும்.

ஆகஸ்டில் இருபத்தொரு பேர். செப்டம்பரில் இருபத்திரண்டு. அக்டோபர் மூன்றாவது மாதம்.

அந்த வாரம் தங்கப்பொண்ணு செவ்வாய்க்கிழமையே இறங்கிவிட்டார். திருப்பூரில் இருக்கிற பையன் ஒருவனுக்குப் போன் போட்டு, "தீபாவளிக்கு வாரேன்னு சொன்னியே, அத இந்த ஞாயித்துக்கிழமையே வந்துட்டுப் போ" என்றார். போர் மோட்டாரில் ஒரே பைப்புக்குச் சண்டை போட்ட இரண்டு பங்காளிகளைக் கோயில் வாசலில் கைகுலுக்க வைத்தார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் கடைசி வரியை எழுதி எண்ணிப் பார்த்தார். இருபத்தைந்து. நோட்டை மூடி, அதன்மேல் பைபிளை வைத்து, ஓடிவிடாமல் பார்த்துக்கொண்டார்.

சனிக்கிழமை நாலு மணிக்குப் பாஸ்டர் தமிழ்வாணி வந்தார். ஐந்து மணிக்கு ஆயத்த ஆராதனை, ஞாயிறு நற்கருணைக்கு மனதைத் தயார் செய்துகொள்ளும் ஆராதனை. அதற்கு முன் பட்டியலைப் பார்ப்பது வழக்கம். கோயிலை ஒட்டிய தங்கப்பொண்ணு வீட்டு முற்றத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, விரலை வைத்து வரிவரியாக வந்தார்.

"இருபத்தஞ்சு. எப்படிக்கா பிடிச்சீங்க?"

"எல்லாம் கர்த்தர் கிருபை."

"எட்டாவது பேரு, தீத்து. யாரு இது?"

"சிவபாண்டி."

"பத்தொம்பதாவது, சிவபாண்டி. இது யாரு?"

"அவனேதான்."

இந்தத் தெருவில் எல்லோருக்கும் இரண்டு பெயர். பள்ளிக்கூடத்தில் ஒன்று, ஞானஸ்நானப் பதிவேட்டில் ஒன்று. வெளியூர்க்காரர்கள் காரணம் கேட்பார்கள். சாமி மாறினால் சான்றிதழ் செல்லாது, சாதி மட்டும் செல்லும் என்ற விவரம் தெரிந்தவர்கள் கேட்கமாட்டார்கள். புதன்கிழமை சிவபாண்டியின் மனைவி வீட்டில் வைத்து "தீத்து" என்று கொடுத்தார். வெள்ளிக்கிழமை டீக்கடையில் தப்பிக்க வழியில்லாமல் மாட்டிக்கொண்ட சிவபாண்டி, கேள்விக்கு முந்திக்கொண்டு "எம் பேரையும் எழுதிக்கங்கக்கா, எல்லார் கூடயும் பேசுறேன்" என்றார். எழுதிக்கொண்டார். நாற்பது வருடமாகத் தெரிந்த ஒரு ஆளை இரண்டு ஆளாக எழுதியது அவசரமா ஆசையா என்று தங்கப்பொண்ணுக்கே தெரியாது.

"அவன் வந்து எம் பேர எழுதுன்னா, வேணாம்னா சொல்ல முடியும் பாஸ்டர்?"

"நாளைக்கு வந்து முழங்கால் போடுறப்ப ரெண்டு பேரா போடுவாரா?"

"ரெண்டாளு கனம் இருப்பான்."

பாஸ்டருக்குச் சிரிப்பு வந்தது. ஆனாலும் பத்தொன்பதாவது வரியை அடித்தார்.

"இருபத்துநாலு. ஒரு ஆளு குறையுதுக்கா." மறுபடியும் பட்டியலை மேலிருந்து கீழே பார்த்தார். "உங்க பேரு எங்க?"

தங்கப்பொண்ணு எழுந்து, காயாத துணியைக் கொடியில் திருப்பிப் போட்டார்.

"நான் வந்து ஒன்றரை வருசம் ஆச்சு. உங்க கையில அப்பம் வச்சதா ஞாபகமே இல்ல. பின்னால மணிக்கயிறு பக்கத்துலயே நிப்பீங்க. உடம்புக்கு ஏதோ ஒத்துக்கலைன்னு நெனச்சேன். கேட்டிருக்கணும். கேக்காதது எந் தப்பு."

"எனக்கு ஒரு ஆளோட பேச்சு இல்ல."

"யாரோட?"

தங்கப்பொண்ணு முகவாயால் பக்கத்து வீட்டுச் சுவரைக் காட்டினார். அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த கிரைண்டர் சட்டென்று நின்றது.

அங்கே ராக்கம்மாள். கண்ணுச்சாமியின் தம்பி மொக்கையனின் மனைவி, தங்கப்பொண்ணுக்கு ஓரகத்தி. இரண்டு பேரும் ஒரே வருடம் அந்த வீட்டுக்கு வாழ வந்தவர்கள். பதினொரு வருடத்துக்கு முன் அறுப்பின் பண்டிகையில் முறிந்தது. பண்டிகைக்கு அவரவர் வயலில் விளைந்ததைக் கொண்டுவந்து பீடத்தின் முன் வைப்பார்கள், ஆராதனை முடிந்ததும் ஏலம் போகும். ராக்கம்மாள் தன் கொடியில் முதல் முதலாகக் காய்த்த சர்க்கரைப் பூசணியைத் தூக்க முடியாமல் தூக்கி வந்து வைத்தார். ஏலம் கூறுகிறவர் அதைத் தட்டிக் காட்டியபோது தங்கப்பொண்ணு, பக்கத்திலிருந்தவரிடம் சொல்வதாக நினைத்துக்கொண்டு, அங்கன்வாடிக் குரலில் சொன்னார்: "வெம்பல் மாதிரியில்ல இருக்கு."

யாரும் கேட்கவில்லை. அதாவது, சொன்னதை எல்லோரும் கேட்டார்கள். பூசணியை யாரும் ஏலம் கேட்கவில்லை. ஏலம் போகாத பொருளைக் கொடுத்தவரே திரும்ப எடுத்துப்போக வேண்டும். ஆண்டவருக்குக் கொடுத்ததை ஊர் பார்க்க இடுப்பில் சுமந்துகொண்டு ராக்கம்மாள் வீட்டுக்கு நடந்தார். அண்ணன் தம்பி இருவரும் மோட்டார் கொட்டகையில் ரகசியமாகப் பேசிக்கொள்வதோடு குடும்ப உறவு சுருங்கிப்போனது.

அப்போது உபதேசியார் கேள்வி கேட்டார். இரண்டு பேருமே பெயர் கொடுக்கவில்லை. பிறகு நோட்டு தங்கப்பொண்ணு கைக்கு வந்தது. அடுத்த மாதமே ராக்கம்மாளின் பெயர் ஒரு துண்டுச் சீட்டில், மருமகள் பாண்டிமீனா கையில் வந்தது. ஏனென்றால் கேள்வி கேட்க வேண்டியவர் ராக்கம்மாளோடு பேசமாட்டார். கேட்காத கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை. ஒன்பது வருடமாக ராக்கம்மாள் மாதம் தவறாமல் அப்பமும் ரசமும் வாங்குகிறார். அவர் உதடு பட்ட பாத்திரத்தை மாதம் தவறாமல் தங்கப்பொண்ணு கழுவுகிறார். ஊருக்கெல்லாம் பந்தி போட்டவருக்கு மட்டும் இலை இல்லை.

பாஸ்டர் கதையைக் கேட்டு முடித்துவிட்டுப் பேனாவை எடுத்தார்.

"அப்ப முறைப்படி பாத்தா அவுங்க பேரையும் அடிக்கணும். இருபத்துமூணு."

தங்கப்பொண்ணு இரண்டு எட்டில் வந்து நோட்டின் மேல் உள்ளங்கையை வைத்தார்.

"அடிக்காதீக."

"ஏங்க்கா?"

"ஒன்பது வருசமா ஒரு மாசம் தவறல அவ. காய்ச்சல்ல கெடந்தப்பகூட மருமக தோளப் புடிச்சுக்கிட்டு வந்தா. கோயில மூடுறதா இருந்தா மூடிக்கட்டும். அவ பேர அடிக்காதீக."

சுவருக்கு அந்தப் பக்கம் கிரைண்டர் மூடியை யாரோ கீழே போட்டார்கள்.

பாஸ்டர் பேனாவை மூடினார். இதற்கு வேதாகமத்தில் பொருத்தமான வசனம் ஒன்று அவருக்குத் தெரிந்திருக்கும், அதைப் படித்தே பட்டம் வாங்கியவர். ஆனால் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "அஞ்சு மணிக்கு ஆராதனை. இன்னும் இருபத்தஞ்சு நிமிசம் இருக்கு" என்று மட்டும் சொன்னார்.

தங்கப்பொண்ணு சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, நோட்டை எடுத்துக்கொண்டு, தெருவைச் சுற்றிப் பக்கத்து வீட்டு வாசலுக்குப் போனார். பத்து அடிதான். ராக்கம்மாள் வாசலில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். கீரை கொஞ்சமும் குச்சி அதிகமுமாக முறத்தில் விழுந்தன.

"நாளைக்கு நற்கருணை," என்றார் தங்கப்பொண்ணு, கூரையைப் பார்த்து. "பேரு குடுக்குறவுககிட்ட ஒரு கேள்வி கேக்கணும். யாரோடயாச்சும் பேச்சுவார்த்தை இல்லாம இருக்கியா?"

"இப்ப யாரோட பேசிக்கிட்டிருக்கேன்?"

"அது பதில் இல்ல."

"ஒன்பது வருசமா கேக்கல. இன்னைக்கு வந்துட்டாக கேக்க."

"நீ சீட்டுல குடுத்தா நான் எப்படிக் கேக்குறது?"

"சீட்டக் கிழிச்சுப் போட்டிருக்கலாம்ல."

"மனசு வரல."

ராக்கம்மாள் ஒரு குச்சியை மூன்றாக ஒடித்தார்.

"அந்தக் காய் வெம்பல் இல்ல."

"சரி."

"என்ன சரி? வெட்டிப் பாத்தியா நீ?"

"பாக்கல."

"உள்ள செக்கச்செவேல்னு இருந்துச்சு. பத்து நாள் தின்னோம். உங்க வீட்டுக்காரரும் மோட்டார் கொட்டாயில வச்சுத் தின்னாரு."

இது தங்கப்பொண்ணுக்குப் புதிய செய்தி. கண்ணுச்சாமியை வீட்டுக்குப் போய்க் கவனித்துக்கொள்ளலாம் என்று ஒதுக்கிவைத்தார்.

"வெட்டிப் பாக்காமச் சொன்னேன். அதுவும் கோயில்ல வச்சுச் சொன்னேன். தப்புத்தான் ராக்கு."

ராக்கம்மாள் முறத்தைத் தட்டினார். கீரைக்குத் தட்ட வேண்டிய அவசியம் இல்லை.

"எழுதிக்க."

"உம் பேரு எழுதியாச்சுடி."

"உம் பேர எழுதிக்கன்னேன்க்கா."

பேனா பாஸ்டரிடம் இருந்தது. அதை எடுக்கத் திரும்பிப் போனால் இந்த நேரம் கலைந்துவிடும் என்று இரண்டு பேருக்குமே பட்டிருக்க வேண்டும். ராக்கம்மாள் உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். இவ்வளவையும் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்த பாண்டிமீனா, கைக்குக் கிடைத்த கண்மைப் பென்சிலைக் கொண்டுவந்து நீட்டினாள். அதில் தங்கப்பொண்ணு, பதினொரு வருடமாக எங்கும் எழுதாத தன் ஞானஸ்நானப் பெயரைக் கடைசி வரியில் எழுதினார். தபீத்தாள். மை ஈஷிக்கொண்டது. பரவாயில்லை, வாசிக்க முடிந்தது.

மறுநாள் ஞாயிறு. திருப்பூர்ப் பையன் கண் சிவக்க வந்து சேர்ந்தான். சிவபாண்டி ஒரே ஆளாக வந்து ஒரே ஒரு தடவை முழங்கால் போட்டார். கடைசி வரிசையில் பீடத்துக் கிராதியைப் பிடித்துக்கொண்டு ஓரகத்திகள் இருவரும் அடுத்தடுத்து முழங்காலிட்டார்கள். பாஸ்டர் தங்கப்பொண்ணின் கையில் அப்பத்தை வைத்தபோது அவர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு பாத்திரம் வந்தது. கழுவுவதற்கு இல்லாமல் குடிப்பதற்கு வந்ததால் எப்படிப் பிடிப்பது என்று தெரியவில்லை. ராக்கம்மாள் அடியில் கைகொடுத்தார்.

இந்த இடத்தில் மணி அடிக்க வேண்டும். அடிக்கிறவர் கிராதியில் இருந்தார். கண்ணுச்சாமிக்கு இது உறைக்க வெகுநேரம் ஆயிற்று. எல்லாம் முடிந்து, பாஸ்டர் அறிவிப்பு வாசித்துக்கொண்டிருக்கும்போது ஓடிப்போய்க் கயிற்றை இழுத்தார். வயலில் நின்றவர்கள் யாருக்கு என்ன ஆயிற்றோ என்று தலைப்பாகையை அவிழ்த்துவிட்டார்கள்.

இருபத்தைந்து பெயரும் பட்டியலாக மதுரைக்குப் போயின. ஒரு மாதம் பதில் இல்லை. நவம்பர் சனிக்கிழமை பாஸ்டர் வந்ததும் தங்கப்பொண்ணு முதலில் அதைத்தான் கேட்டார்.

"ஆராதனை உண்டா இல்லையா, முடிவு சொன்னாகளா?"

"குழு கூடினாத்தானக்கா முடிவு. அந்தச் சுற்றறிக்கை போட்டதோட சரி, அப்புறம் கூடவே இல்ல. உள்ள ரெண்டு அணி. ஒரு அணிகிட்ட ஆபீஸ் சாவி, இன்னொரு அணிகிட்ட கோர்ட்டு ஆர்டரு. ஒருத்தர் முகத்த ஒருத்தர் பாக்குறதில்ல. அதுவரைக்கும் நம்ம ஊர யாரும் மூடவும் முடியாது."

தங்கப்பொண்ணு யோசித்தார். பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த ராக்கம்மாளும் யோசித்தார்.

"அவுகள்லாம் நற்கருணை வாங்குறாகளா பாஸ்டர்?" என்று கேட்டார் தங்கப்பொண்ணு.

"வாங்குறாங்களே. முதல் பெஞ்சு."

"சீட்டுல பேரு குடுப்பாக போல," என்றார் ராக்கம்மாள்.

தங்கப்பொண்ணு நோட்டின் புதிய பக்கத்தைத் திருப்பி, பேனா எழுதுகிறதா என்று ஓரத்தில் கிறுக்கிப் பார்த்தார்.

"எந்தத் தெரு, என்ன பஸ்சுன்னு மட்டும் சொல்லுங்க. திங்கக்கிழம நானும் ராக்கும் போறோம்."